வுல்ஃபன்ராட்டின் இரண்டாம் பதிப்பு

“ஆதாரம்?”

நாராயணஸ்வாமி மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்குக் கீழே வந்திருந்த பதில் அது ஒன்றுதான். ஒரு சொல், ஒரு கேள்விக்குறி. எழுதியவன் கணேஷ்குமார்.

“ஏன்னா, யாராவது பாத்தாளா?” என்று கேட்டுக்கொண்டே அன்னபூர்ணி காபியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள்.

“ஒருத்தன் பாத்தான்.”

“என்னவாம்?”

“இதை யார் சொன்னாங்கறான்.”

“நீங்கதானே சொன்னேள்?”

“அது அவனுக்குப் போறலையாம்.”

அன்னபூர்ணிக்கு விவகாரம் புரியவில்லை. ஆனால் கணவரின் முகம் புரிந்தது. அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விட்டாள்.

நாராயணஸ்வாமியின் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காகத் திருச்சியிலிருந்து மைசூருக்கு வந்தவர். மகனும் அதே ரயில்வேயில் சேர்ந்து, ஆபீஸ் சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்று, குவெம்புநகரில் வீடு கட்டிக்கொண்டார். பணிக்காலம் முழுவதும் அவர் இருந்தது விசாரணை செக்‌ஷன். யாராவது யாரையாவது அடித்துவிட்டாலோ, பட்டறையிலிருந்து பித்தளை காணாமல் போனாலோ, சாட்சிகளின் வாக்குமூலங்கள் அவர் மேசைக்கு வரும். யார் உள்ளதைச் சொல்கிறான், யார் அடுத்தவனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட புதிய ஏற்பாட்டைப் பொழுதுபோக்காகப் புரட்டினார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஒரே சம்பவத்தைக் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் சொல்லியிருப்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்தியெல்லாம் இல்லை, தொழில் புத்தி. மூன்று சாட்சி ஒரே வாக்கியத்தைச் சொன்னால் எவனோ ஒருவன் எழுதியதை மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். எவன் எவனைப் பார்த்தான்? இதே கேள்வியை ஐரோப்பாவில் இருநூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, தம்முடைய செக்‌ஷன் ஆட்கள் ஜெர்மனியிலும் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஏக சந்தோஷம்.

அதிலிருந்து பிடித்தது. இணையத்தில் வீடியோ பார்த்துக் கிரேக்கம் படித்தார். ‘முதல் நூற்றாண்டு’ என்ற விவாத அரங்கில் உறுப்பினரானார். ஆதி கிறிஸ்தவ வரலாற்றைப் பற்றித் தமிழில் உலகம் முழுவதிலுமிருந்து பாதிரிமார்களும் நாத்திகர்களும் சாப்ட்வேர்காரர்களும் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் அது. மேல்கோட்டையில் இருந்த சொந்தக்காரர்கள், நாராயணஸ்வாமி மதம் மாறிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அரங்கில் இருந்தவர்கள், கிறிஸ்தவத்தைக் கவிழ்க்க யாரோ அனுப்பிவைத்த ஆள் என்று பேசிக்கொண்டார்கள். நெற்றியில் நாமத்தோடு படம் போட்டிருந்தது தப்பாகப் போயிற்று.

இப்போது அவர் எழுதியிருந்தது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தைப் பற்றி. முதல் ஒன்பது அதிகாரம் சமாதானமாகப் போகும். கடைசி நாலு அதிகாரம் திடீரென்று கோபத்தில் கொதிக்கும். இவை இரண்டு தனித்தனிக் கடிதங்கள், கோபக் கடிதம்தான் முதலில் வந்தது, சமாதானம் பிறகு என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். அப்படியானால் வரிசை ஏன் தலைகீழாக இருக்கிறது? நாராயணஸ்வாமிக்கு அது சமையலறையில் உதித்தது. கேஸ் பில்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தாள் அன்னபூர்ணி. புதுசு மேலே, பழசு அடியில். கொரிந்துவிலும் ஒரு குமாஸ்தா இருந்திருப்பான். வந்த கடிதத்தை மேலே மேலே வைத்திருப்பான். பின்னால் நகலெடுத்தவன் மேலிருந்து எடுத்திருப்பான். பிந்தியது முந்திக்கொண்டது!

அவர் வாழ்க்கையில் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. அதை அன்னபூர்ணியிடம் கேஸ் பில்லை வைத்துக்கொண்டே விளக்கிக் காட்டினார். “நன்னாத்தான் இருக்கு, எழுதுங்கோ” என்றாள் அவள். பில் கம்பியையும் சேர்த்தே கட்டுரையில் எழுதினார்.

இன்னொரு ஆசையும் இருந்தது. அரங்கத்தின் வருடாந்தரக் கூட்டம் இந்த முறை மைசூரிலேயே நடப்பதாக இருந்தது. இணையத்தில் அதிகமாக விவாதிக்கப்பட்ட கட்டுரையை எழுதியவரை மேடையேற்றுவார்கள். பிறர் பேசியதையே ஆயுள் முழுக்கப் பதிவு செய்தவருக்கு, ஒருமுறை தாம் பேசிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அதற்குத்தான் இந்த “ஆதாரம்?”

“ஆதாரம் கட்டுரையிலேயே இருக்கிறது. படித்து, தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்” என்று நாராயணஸ்வாமி பதில் எழுதினார்.

கணேஷ்குமார் உடனே எழுதினான். “அதாவது, எந்த அறிஞரும் சொல்லவில்லை. இது உங்கள் ஆபீஸ் அனுபவம். நன்றி ஸ்வாமிஜி.”

கணேஷ்குமார் பெங்களூரில் ஏதோ கம்பெனியில் மேனேஜர். அரங்கில் அவன் வைத்ததுதான் சட்டம். அந்த ‘ஸ்வாமிஜி’க்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்து விழுந்தன. அதோடு கட்டுரை கீழே போய், அடுத்த பக்கத்துக்குப் போய், கண்ணில் படாமலே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எழுந்த கையோடு நாராயணஸ்வாமி அந்தக் காரியத்தைச் செய்தார். கட்டுரையைச் சுருக்கி மறுபடி போட்டார். மேலே ஒரு வரி சேர்த்தார்: ‘இக்கருத்தை முதலில் முன்வைத்தவர் ஜெர்மன் அறிஞர் எக்பர்ட் வுல்ஃபன்ராட். நூல் நெடுங்காலமாக அச்சில் இல்லை.’

வெற்றிலைத் தட்டோடு வந்த அன்னபூர்ணி எட்டிப் பார்த்தாள். “யாரு இது, எக்?”

“எக்பர்ட்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆத்துல முட்டையா? வேற பேரே கெடைக்கலையா?”

“ஒரு நாள் இருக்கட்டும்டீ. என்ன பண்றான்னு பாத்துட்டு எடுத்துடறேன்.”

எடுக்க முடியவில்லை. விளக்கேற்றுவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. “அபாரம்!” என்றார் ஒருவர். “இதுதான் ஆய்வு. ஜெர்மானியர்களின் ஒழுங்கு நமக்கு வராது” என்றார் இன்னொருவர். இத்தனை வருஷம் பிரசங்கம் செய்தும் தமக்கு இது தோன்றவில்லையே என்று உருகியிருந்தார் ஒரு போதகர். கடைசியாகக் கணேஷ்குமார் வந்தான்.

“வுல்ஃபன்ராட்டையா சொல்கிறீர்கள்? முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? கல்லூரி நாட்களிலேயே அவரை ஆழ்ந்து படித்திருக்கிறேன்.”

நாராயணஸ்வாமி இதைச் சத்தமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இல்லாதவனை எப்படிடீ படிச்சிருப்பான்?”

“நீங்க இல்லாதவனைப் பத்தி எழுதலையா? அவன் படிச்சுட்டான், அவ்ளோதான்” என்றாள் அன்னபூர்ணி.

மறுநாள் தாரணி போன் செய்தாள். அரங்கை நிர்வகிப்பவள், மைசூரிலேயே ஐ.டி. கம்பெனியில் இருப்பவள். “சார், நம்ம மைசூர்லயே இப்படி ஒருத்தர் இருக்கீங்கன்னு தெரியவே இல்ல சார்! வுல்ஃபன்ராட் பத்தி நீங்கதான் பேசணும். ஓகேதானே?”

சொல்லிவிடுவதானால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைக்கூடத் திறந்தார். வந்தது, “சந்தோஷம்மா” என்பதுதான்.

அன்னபூர்ணி அன்றே மேல்கோட்டைக்குப் போன் போட்டு, அவர் மதம் மாறவில்லை, மேடையில் பேசப்போகிறார் என்று ஊரறியச் சொல்லிவிட்டாள். ஜரிகை அங்கவஸ்திரம் இஸ்திரிக்குப் போயிற்று.

அந்த வாரமே கணேஷ்குமார் ஒரு குண்டைப் போட்டான். “ஒரு சிறு திருத்தம். நாராயணஸ்வாமி சொல்வது வுல்ஃபன்ராட்டின் முதல் பதிப்பில் உள்ள கருத்து. இரண்டாம் பதிப்பில் அவர் அதைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். நண்பர் அதைப் படிக்கவில்லை போலும்.”

நாராயணஸ்வாமிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “இரண்டாம் பதிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது!” என்று எழுதினார்.

“எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

“எனக்குத் தெரியும்.”

“ஆதாரம்?”

மறுபடியும் அதே சொல். இந்த முறை அரங்கமே சேர்ந்துகொண்டு கேட்டது. இரண்டாம் பதிப்பின் அட்டை பச்சை நிறம் என்று ஒருவர் நினைவுகூர்ந்தார். நீலம் என்றார் இன்னொருவர். அதைப் பற்றி அவர்களுக்குள் தனியாக ஒரு சண்டை நடந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நாராயணஸ்வாமி தீர்மானித்தார். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

“அன்னபூர்ணி, ஒருத்தரைச் சாகடிக்கலாம்னு இருக்கேன்.”

“யாரை?”

“எக்பர்ட்டை.”

“ஐயோ பாவம். என்ன வயசு?”

“முதல் பதிப்பு வந்த கையோட போயிட்டார்னு வச்சுட்டா, ரெண்டாம் பதிப்பு எங்கேர்ந்து வரும்?”

“கஷ்டப்படாம போகட்டும்” என்றாள் அன்னபூர்ணி, ஈரத் துணியை உதறியபடி.

ஒரு ரயில்வேக்காரரால் செய்ய முடிந்த மரியாதையாக, வுல்ஃபன்ராட்டை ரயில் பயணத்தில், தூக்கத்தில், மாரடைப்பில் போகச் செய்தார். அரங்கம் சிறிது நேரம் துக்கம் அனுஷ்டித்தது. பிறகு கணேஷ்குமார் வந்தான்.

“எவ்வளவு பொறுப்பற்ற பேச்சு! பேராசிரியர் தொண்ணூறு வயதைத் தாண்டி நலமாக இருக்கிறார். போன மாதம் ஓர் இணையக் கருத்தரங்கில் பேசினார். நானே கேள்வி கேட்டேன்.”

“ஆம், நானும் இருந்தேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது” என்றார் பச்சை அட்டைக்காரர்.

தாரணியிடமிருந்து மறுபடி போன். குரலில் பழைய உற்சாகம் இல்லை. “என்ன சார் இது? உயிரோட இருக்கற மனுஷனைப் போய்... எல்லாரும் ரொம்ப பேஜார் ஆயிட்டாங்க. ஒரு சாரி போட்டுடுங்க சார், ப்ளீஸ்.”

நாராயணஸ்வாமி மன்னிப்பு எழுதினார். எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்து எழுதி வாங்கிய வாசகம் கையோடு இருந்தது: ‘மேற்படி நபர் இறந்துவிட்டதாக நான் தெரிவித்த தகவல் தவறானது. இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்.’ அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. அவரைப் பற்றி ஒரு சந்தேகம் வந்த பிறகு, பழசையெல்லாம் தோண்ட ஆள் கிளம்பினார்கள். அடுத்த பக்கத்துக்குப் போய்ப் புதைந்திருந்த முதல் கட்டுரை அகப்பட்டது. அதில் வுல்ஃபன்ராட்டின் பெயரே இல்லை! கணேஷ்குமார் இரண்டு பத்தி போட்டு ஒப்பிட்டுக் காட்டினான். இடது பக்கம் வுல்ஃபன்ராட்டின் கருத்துகள், வலது பக்கம் நாராயணஸ்வாமியின் கட்டுரை. வரிக்கு வரி ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாமல் என்ன செய்யும், இரண்டையும் எழுதியவர் ஒருவர்தானே.

“உலகம் மதிக்கும் ஓர் அறிஞரின் உழைப்பைத் திருடித் தன் பெயரில் போட்டிருக்கிறார். பிடிபட்டுவிடுவோம் என்று பயந்து, பிறகு பெயரைச் சேர்த்திருக்கிறார். அவரைக் கொல்லவும் பார்த்தார்” என்று முடித்திருந்தான்.

நாராயணஸ்வாமி உண்மையை எழுத உட்கார்ந்தார். ‘அன்புள்ள நண்பர்களே, எக்பர்ட் வுல்ஃபன்ராட் என்று ஒருவர்’ என்பது வரை வந்திருந்தார். திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது. கருத்துத் திருட்டுக் குற்றத்துக்காக அவருடைய கணக்கு முடக்கப்பட்டிருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. தாரணிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மேடையில் அவருக்குப் பதிலாகக் கணேஷ்குமார் பேசுவான் என்று அழைப்பிதழைத் திருத்தியிருந்தார்கள்.

அன்னபூர்ணிதான் விடவில்லை. “நேர்ல போவோம். உண்மையைச் சொல்றதுக்குக் கணக்கு எதுக்கு?”

“உள்ள விட மாட்டா.”

“என்னை யார் தடுக்கறான்னு பாக்கறேன்” என்று சொல்லி, இஸ்திரி போட்ட அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினாள்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். யாரும் தடுக்கவில்லை. அவரை நேரில் அறிந்தவர்களே அங்கே இல்லை. பின் வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கணேஷ்குமார், நாராயணஸ்வாமி எதிர்பார்த்த மாதிரி இல்லை. ஒல்லியாக, பணிவாக, கொஞ்சம் திக்கிப் பேசுகிற பையனாக இருந்தான். வெறுக்க வசதியான முகமாகக்கூட இல்லை.

“பேராசிரியர் எங்கிட்ட ஒருதடவை சொன்னார்” என்று ஆரம்பித்தான். “‘கணேஷ், பில்லு குத்தி வைக்கற கம்பியைப் பாத்திருக்கியா? புதுசு மேல இருக்கும், பழசு அடில இருக்கும்.’ அவ்ளோதான். ரெண்டாயிரம் வருஷத்துப் பூட்டு தொறந்துடுச்சு.”

கூட்டம் மெய்மறந்து கைதட்டியது.

அன்னபூர்ணி கணவரின் காதோரம் குனிந்தாள். “ஏன்னா, இது நீங்க நம்மாத்து கேஸ் பில்லை வச்சுண்டு எனக்குச் சொன்னதுதானே?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீடுகளில்கூட அப்படிப் பிடிப்பவள் அல்ல.

யாரோ எழுந்து கேட்டார். “இப்படி ஒரு யோசனை ஒரு தியாலஜி ப்ரொஃபசருக்கு எப்படி வந்திருக்கும்?”

கணேஷ்குமார் ஒரு கணம் யோசித்தான். “அவங்க குடும்பமே ஜெர்மன் ரயில்வேல இருந்தவங்க சார்.”

நாராயணஸ்வாமிக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தார். அன்னபூர்ணியும் பின்னாலேயே வந்தாள். வெளியே காபி கப்புகளை அடுக்கிவைத்துக்கொண்டிருந்தாள் தாரணி. புகைப்படத்தில் பார்த்த நாமத்தை அடையாளம் கண்டு திடுக்கிட்டாள்.

“சார், நீங்களா? எதுக்கு சார் இப்போ...”

“ரெண்டு நிமிஷம் குடும்மா. சொல்லிட்டுப் போயிடறேன்.” அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “நான் யாரோடதையும் திருடலை. வுல்ஃபன்ராட்னு ஒருத்தர் கிடையாது. புஸ்தகமும் கிடையாது, பதிப்பும் கிடையாது. என் பேர்ல சொன்னா யாரும் கேக்கலைன்னு நான்தான் அந்தப் பேரை உண்டாக்கினேன். அது தப்பு. அதுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடு. ஆனா அந்த யோசனை என்னோடது. அதை மட்டும் எங்கிட்ட குடுத்துடு.”

“சத்தியம்மா. எங்காத்து சமையல் உள்ளுல வச்சுத்தான் சொன்னார், நான் சாட்சி” என்றாள் அன்னபூர்ணி.

உள்ளே மறுபடியும் கைதட்டல் எழுந்து அடங்கியது. தாரணி அந்தப் பெரியவரின் ஜரிகை அங்கவஸ்திரத்தைப் பார்த்தாள், அன்னபூர்ணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. ஒரு கப் காபியை எடுத்து அவர் கையில் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மொதல்ல உட்காருங்க சார். விசாரிக்காம நாங்க யாரையும் தூக்க மாட்டோம். கணேஷ்குமார் சார்கிட்ட மெயில் ஐடி வாங்கி ப்ரொஃபசருக்கே எழுதிக் கேட்டோம், அன்னைக்கே பதில் போட்டுட்டார்... உங்களை யாருன்னே அவருக்குத் தெரியாதாம்.”